பேரனுக்கு எட்டாத பங்கும் எழுதப்படாத வஸிய்யத்தும்

அரபுக் கல்லூரியில் ஃபராயிள் பாடம் நடத்தும் நம்மிடம் ஆண்டுதோறும் தவறாமல் வந்து சேரும் கேள்வி ஒன்று உண்டு. தந்தை உயிரோடிருக்கும்போதே மகன் இறந்துவிட்டான். அவனுக்குச் சிறு பிள்ளைகள் இருக்கின்றனர். பின்னர்த் தந்தையும் இறந்துவிட்டார். மற்ற மகன்கள் உயிரோடிருக்கின்றனர். இந்நிலையில், அந்த அநாதைப் பிள்ளைகளுக்குப் பாட்டனார் சொத்தில் பங்கு உண்டா என்பதே அக்கேள்வி.

'இல்லை' என்று நாம் விடை கூறும்போது கேட்பவர் முகம் வாடுகிறது. ஷரீஅத்தையே குறை கூறிச் செல்பவர்களும் உண்டு. உண்மையில் ஷரீஅத் அப்பிள்ளைகளை மறந்துவிடவில்லை. அவர்களுக்கெனத் திறந்து வைக்கப்பட்ட வாயிலைப் பாட்டனார்தாம் பயன்படுத்தத் தவறிவிட்டார். அவ்வாயிலின் பெயர் வஸிய்யத். நம் வழக்கில் மரண சாசனம், உயில்.

நெருங்கிய வாரிசு இருக்கும்போது அவருக்கு அடுத்த நிலையினர் தடுக்கப்படுவர் என்பது வாரிசுரிமைச் சட்டத்தின் அடிப்படை விதி. மகன் இருக்கையில் மகனின் மகன் வாரிசாகமாட்டான். திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 11, 12, 176 ஆகிய வசனங்கள் வாரிசுகளின் பங்குகளை வரையறுக்கின்றன. பெற்றோருக்கும் உறவினருக்கும் வஸிய்யத் செய்யுமாறு பணிக்கும் 2:180ஆம் வசனத்தின் சட்டம், பங்கு பெறும் வாரிசுகளைப் பொறுத்தவரை இவற்றால் மாற்றப்பட்டது என்பர் பெரும்பாலான அறிஞர்கள். பங்கு பெறாத உறவினருக்கு வஸிய்யத் செய்வது இன்றும் விரும்பத்தக்க நற்செயலாகும். இமாம் இப்னு ஹஸ்ம் அதனைக் கட்டாயக் கடமை என்றே கூறினார். இக்கருத்தைத் துணையாகக் கொண்டு, 1946ஆம் ஆண்டின் எகிப்திய வஸிய்யத் சட்டம், தாத்தா எழுதாமல் இறந்தாலும் எழுதியதாகக் கருதி, மூன்றில் ஒரு பங்கின் எல்லைக்குள் பேரப்பிள்ளைகளுக்கு வழங்க வகை செய்தது. நம் நாட்டில் முஸ்லிம்களுக்கு அத்தகைய சட்டம் இல்லை. இங்கே பாட்டனார் எழுதினால் உண்டு. எழுதாவிட்டால் மற்ற வாரிசுகளின் மனக்கனிவை நம்பியிருக்க வேண்டியதுதான்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒருவர் விட்டுச் சென்ற சொத்தின் மதிப்பு 46 லட்சம் ரூபாய். கபன், அடக்கச் செலவு, மனைவிக்குத் தரப்படாத மஹர், பிற கடன்கள் எல்லாம் சேர்த்து 6 லட்சம். எஞ்சுவது 40 லட்சம். மனைவி, இரு மகன்கள், ஒரு மகள் ஆகியோர் வாரிசுகள். வஸிய்யத் இல்லையெனில் மனைவிக்கு எட்டில் ஒன்றாக 5 லட்சம், மகன்களுக்குத் தலா 14 லட்சம், மகளுக்கு 7 லட்சம். முன்பே இறந்த மகனின் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. அவர் 10 லட்சத்தை அப்பேரப்பிள்ளைகளுக்கு வஸிய்யத் செய்திருந்தால், எஞ்சும் 30 லட்சத்தில் மனைவிக்கு 3.75 லட்சமும், மகன்களுக்குத் தலா 10.50 லட்சமும், மகளுக்கு 5.25 லட்சமும் கிடைக்கும். இறந்த மகன் உயிரோடிருந்தால் அவனுக்குக் கிடைத்திருக்கும் பங்கும் அதே 10 லட்சந்தான். ஒரு தாளில் எழுதப்படாத சில வரிகளால் அந்தப் பத்து லட்சம் அநாதைகளின் கைக்கு எட்டாமற் போகிறது.

இவ்வுரிமைக்கு இரு வரம்புகள் உண்டு. மக்காவில் நோயுற்றிருந்த ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் தம் செல்வத்தின் பெரும்பகுதியை வஸிய்யத் செய்ய அனுமதி கேட்டபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்தினார்கள். அதுவும் அதிகமே என்றார்கள். வாரிசுக்கு வஸிய்யத் இல்லை என்பது இரண்டாவது வரம்பு. இவ்வரம்புகளை மீறி எழுதப்பட்டது, எழுதியவர் இறந்தபின் மற்ற வாரிசுகள் மனமொப்பினாலன்றிச் செல்லாது. ஒருவர் வாரிசா அல்லரா என்பது எழுதிய நாளைக் கொண்டு முடிவு செய்யப்படுவதன்று. இறந்த நாளைக் கொண்டே முடிவு செய்யப்படும். எனவே குடும்பத்தில் பிறப்போ இறப்போ நிகழும்போதெல்லாம் வஸிய்யத்தை எடுத்துப் படித்துத் திருத்துவது அறிவுடைமை. உயிரோடிருக்கும் வரை அதை மாற்றவோ ரத்துச் செய்யவோ முழு உரிமை உண்டு.

இனி, யாரைக் கொண்டு எழுதுவது? இரண்டு வாயில்களைத் தட்ட வேண்டும் என்போம். ஒன்று ஃபராயிள் அறிந்த ஆலிம். மற்றொன்று முஸ்லிம் தனியார் சட்டம் பயின்ற வழக்கறிஞர். பத்திர எழுத்தர் தம்மிடமுள்ள பொது நகலில் பெயர்களை மட்டும் மாற்றி, 'என் சொத்து முழுவதும் என் மூத்த மகனுக்கே' என்று எழுதித் தந்துவிடக்கூடும். மற்ற வாரிசுகள் ஒப்பாவிட்டால் அச்சாசனம் வழக்கிற்குத்தான் வித்தாகும். மறுபுறம், ஆலிம் மட்டும் எழுதித் தரும் தாளில் பட்டா எண், சர்வே எண், நான்கெல்லை ஆகியன விடுபட்டுப் போகலாம். சிறப்புத் திருமணச் சட்டம் 1954இன்படி மணம் புரிந்தவருக்கு வாரிசுரிமையில் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925 பொருந்தும் என்பது போன்ற நுட்பங்களையும் வழக்கறிஞரே எடுத்துரைப்பார்.

வழக்கறிஞரிடம் செல்லுமுன் சொத்துப் பத்திரங்கள், வங்கிக் கணக்கு விவரம், கொடுக்கல் வாங்கல் பட்டியல், குடும்ப உறுப்பினர் அனைவரின் பெயர்கள் ஆகியவற்றைத் தொகுத்துக்கொள்ள வேண்டும். வங்கியில் நியமனதாரராகக் குறிக்கப்பட்டவர் பணத்தைப் பெற்றுக்கொள்ள உரியவரேயன்றி அதன் உரிமையாளர் அல்லர். அப்பணமும் வாரிசுகளுக்குப் பங்கிடப்பட வேண்டியதே.

நம் நாட்டுச் சட்டப்படி முஸ்லிமின் உயில் வாய்மொழியாகவும் அமையலாம். சாட்சிக் கையொப்பமும் கட்டாயமன்று. ஆயினும் வாய்மொழியை நீதிமன்றத்தில் மெய்ப்பிப்பது மிகக் கடினம். திருக்குர்ஆன் 5:106ஆம் வசனம் வஸிய்யத்துக்கு நீதியான இருவரைச் சாட்சியாக்கப் பணிக்கின்றது. வஸிய்யத் செய்ய வேண்டியது உள்ள ஒரு முஸ்லிம், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக்கூடக் கழிப்பது தகாது என்பது நபிமொழியின் கருத்து. ஆகவே எழுத்தும் இரு சாட்சிகளும் நமக்கு மார்க்கத்தின் வழிகாட்டலேயாகும். உயிலுக்கு முத்திரைத் தீர்வை இல்லை. பதிவுச் சட்டம் 1908இன்படி அதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விருப்பம்போல் பதியலாம்; அல்லது முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்தும் வைக்கலாம்.

மற்றொன்றும் கவனத்திற்குரியது. தந்தையை இழந்த சிறுவர்களின் சொத்துக்குத் தாய் தானாகவே சட்டபூர்வமான பாதுகாவலராவதில்லை. தந்தை தம் வஸிய்யத்தில் அவளை வஸீயாக, அதாவது நிறைவேற்றுநராக நியமிக்கலாம். இளம் பிள்ளைகள் உள்ள தந்தையர் இதனை மறத்தலாகாது.

வழக்கறிஞருக்குக் கட்டணம் தர இயலாதவர் மனம் தளர வேண்டியதில்லை. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987இன்படி பெண்களும் சிறுவர்களும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவையும், வட்ட அளவிலான குழுவையும் அணுகலாம். விதவைகளை அங்கே அழைத்துச் செல்வது ஜமாஅத்துகள் மேற்கொள்ளத்தக்க நற்பணியாகும்.

வாரிசுரிமை வசனங்களில் வஸிய்யத் முதலிலும் கடன் பின்னரும் கூறப்பட்டுள்ளன. நிறைவேற்றுவதிலோ கடனே முந்தியது. பின் ஏன் வஸிய்யத் முதலில் கூறப்பட்டது என்பதற்கு விரிவுரையாளர்கள் ஒரு விளக்கம் தருகின்றனர். கடன் கொடுத்தவன் வாசலில் வந்து நின்று கேட்பான். வஸிய்யத்தைப் பெறவேண்டியவனோ பெரும்பாலும் எளியவன், கேட்கத் தெரியாதவன். அவனுக்காகவே அது முன்னிறுத்தப்பட்டது. நம் வீட்டிலும் கேட்கத் தெரியாத ஒரு பேரன், ஒரு பேத்தி இருக்கக்கூடும். அவர்களுக்காக இன்றே எழுதுகோலை எடுக்க அல்லாஹ் நமக்கு அருள் புரிவானாக.