ஊசி வெளியே வந்துவிடும், இழை மட்டுமே தங்கும்

இனிப்பு நீர் உள்ளவர்கள் புஜத்தின் பின்புறம் ஒட்டிக்கொள்ளும் வட்டமான சென்சாரை, பூச்சோங்வாசிகள் பலர் இன்று பார்த்திருப்பார்கள். விரலைக் குத்தாமலே இரண்டு வாரம் வரை சர்க்கரை அளவைக் கைப்பேசியில் காட்டும் கருவி அது. 'இரண்டு வாரமும் ஊசி கையிலேயே குத்திக்கொண்டிருக்குமா?' என்ற அச்சமே பலரைத் தயங்க வைக்கிறது.

அப்படி இருப்பதில்லை. ஊசி இருப்பது சென்சாரைப் பொருத்தும் அப்ளிகேட்டரில்தான். அதைத் தோலில் வைத்து அழுத்தியதும் ஊசி வழியமைத்து, மெல்லிய இழையொன்றை உள்ளே விட்டுவிட்டு, நொடியில் அப்ளிகேட்டருக்குள்ளேயே திரும்பிவிடும். ஃப்ரீஸ்டைல் லிப்ரே சென்சாரில் அந்த இழையின் நீளம் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர். அது இரத்தக் குழாயைத் தொடுவதில்லை. தோலுக்கடியில் உள்ள திரவத்தில் சர்க்கரையை அளக்கிறது. அதனால்தான் சர்க்கரை வேகமாக ஏறி இறங்கும்போது, சென்சாரின் அளவு விரல்குத்துச் சோதனையைவிடச் சில நிமிடங்கள் பின்தங்கும்.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோயுறு ஆய்வுப்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. நம் சமூகம் இந்தக் கருவியை அறிந்திருக்க இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

சென்சார் பாதியிலேயே கழன்று விழுவதற்குப் பெரும்பாலும் தோலைச் சரியாகத் தயார்படுத்தாததே காரணம். நம் வெயிலும் வியர்வையும் பசையைச் சோதிக்கும். எண்ணெய், கிரீம் இல்லாமல் கழுவி, ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, நன்கு உலர்ந்த பிறகே பொருத்த வேண்டும். தழும்பு, மச்சம், இன்சுலின் போடும் இடம் ஆகியவற்றைத் தவிருங்கள். அப்ளிகேட்டரைத் தோலில் வைக்கும் முன்பே அழுத்திவிட்டால் சென்சார் வீணாகிவிடும். பொருத்தியதும் அளவு தெரியாது. லிப்ரே 2 வகைக்கு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்தக் கைமேல் படுத்து உறங்கினால், அழுத்தத்தால் சர்க்கரை குறைந்ததுபோல் பொய்யாகக் காட்டலாம்.

கருவி காட்டும் எண்ணும் உடல்நிலையும் பொருந்தாவிட்டால் விரல்குத்திச் சரிபாருங்கள். மருந்தளவை மருத்துவரைக் கேட்காமல் மாற்றாதீர்கள். பயன்படுத்திய அப்ளிகேட்டருக்குள் ஊசி இருக்கிறது. அதைக் குப்பையில் வெறுமனே வீசாமல், எங்கே ஒப்படைப்பது என்று மருந்தாளரிடம் கேளுங்கள்.