ஜீப்பில் மின்சார வின்ச்: பேட்டரி இணைப்பில் கவனிக்க வேண்டியவை



குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், இலஞ்சி வயல் பாதைகளும் மலையடிவாரத் தோப்புப் பாதைகளும் சகதியாகிவிடும் என்பது நாம் அறிந்ததே. தோப்புக்குப் போற ஜீப் சேத்துல பொதைஞ்சா பத்து ஆள் சேர்ந்து தள்ளணும், இல்லேன்னா டிராக்டர் வரணும். இதற்கு மாற்றுதான் மின்சார வின்ச். முன் பம்பரில் உள்ள மோட்டார், இரும்புக் கயிற்றை உருளையில் சுற்றும். கயிற்றின் மறுமுனையை ஒரு மரத்தில் பட்டை போட்டுக் கட்டினால், வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். இந்தியாவில் முதன்முதலாக 2014-இல் கோவாவில் நடந்த ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போன்ற காட்டுப்பாதைப் போட்டிகளில் வின்ச் இல்லாமல் காரியமே ஆகாது.

இதை மாட்டுவது சுலபம் போலத் தோன்றும். பிளஸ், மைனஸ் என்று இரண்டே கேபிள்தானே! ஆனால் ஆபத்து அந்த இரண்டு கேபிளில்தான் இருக்கிறது.

எவ்வளவு கரண்ட்?

ஜீப்புக்குப் பரவலாகப் பயன்படும் வின்ச் 9,500 பவுண்ட், அதாவது சுமார் 4,300 கிலோ இழுவிசை கொண்டது. முழுச் சுமையில் இது 12 வோல்ட்டில் ஏறத்தாழ 400 ஆம்பியர் எடுக்கும். ஸ்டார்ட்டர் மோட்டாரும் நிறைய கரண்ட் எடுக்கும்தான். ஆனால் அது சில நொடிகளோடு முடிந்துவிடும். வின்ச் ஒரு நிமிடம்கூட விடாமல் இழுக்கும்.

“12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது” என்று பலரும் அலட்சியமாகச் சொல்வார்கள். ஷாக் அடிக்காது, உண்மை. ஆனால் தீப்பிடிக்கும். வெப்பம் வோல்ட்டைப் பார்த்து வருவதில்லை. கரண்டின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் வருவது அது.

கேபிள் கணக்கு

என் அப்பா தோப்பு ஜீப் ஓட்டுபவர். அந்த வண்டிக்கு வின்ச் மாட்டியவர், செலவைக் குறைக்க மெல்லிய கேபிளை இழுத்துவிட்டார். இரண்டாவது இழுப்பிலேயே இன்சுலேஷன் உருகிப் புகை வந்தது. அப்பா சட்டென்று டெர்மினலைக் கழற்றியதால் வண்டி தப்பியது. “வின்ச் புதுசு, பேட்டரி புதுசு, பெறவு ஏன்யா எரியுது?” என்று கேட்டார். எங்கள் வீட்டில் யாரும் படித்ததில்லை. நம்ம நோட்டுல உள்ள கணக்கையே அவருக்குப் போட்டுக் காட்டினேன்.

செம்பின் தன்மின்தடை 0.0175. போக 2 மீட்டர், வர 2 மீட்டர், ஆக 4 மீட்டர் கேபிள்.

10 சதுர மி.மீ. கேபிள் என்றால் மின்தடை 0.007 ஓம். 400 ஆம்பியரில் 2.8 வோல்ட் கேபிளிலேயே போய்விடும். வெப்பம் 1,120 வாட். ஒரு இஸ்திரிப் பெட்டியை வயருக்குள் ஒளித்து வைத்த மாதிரி!

35 சதுர மி.மீ. என்றால் 0.002 ஓம். இழப்பு 0.8 வோல்ட், வெப்பம் 320 வாட். அதுவும் 4 மீட்டர் நீளத்துக்கும் பரவும், சிறிது நேரம் தாங்கும். 50 போட்டால் இன்னும் நல்லது.

இணைக்கும் முறை

1. மைனஸ் கேபிளை பாடியில் எர்த் செய்யாமல் பேட்டரி வரை நேராகக் கொண்டு போக வேண்டும். துருவும் பெயின்ட்டும் மின்தடைதான்.

2. ரிமோட் பட்டன் வழியாக 400 ஆம்பியர் போவதில்லை. சிறு கரண்ட் சொலினாய்டை இயக்கும், சொலினாய்டு பெரிய கரண்டைத் திறந்து மூடும். சொலினாய்டுப் பெட்டியில் தண்ணீர் புகக் கூடாது.

3. பிளஸ் கேபிளில், பேட்டரிக்கு அருகிலேயே, கை எட்டும் இடத்தில் கட்-ஆஃப் சுவிட்ச் அவசியம். அது வின்ச்சின் முழு கரண்டையும் தாங்க வேண்டும்.

4. முனைகளில் லக் வைத்துக் கிரிம்ப் செய்ய வேண்டும். முறுக்கிக் கட்டுவது கூடவே கூடாது.

5. தகரத்தைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள். சைலன்சர் குழாய்க்கும் ஃபேனுக்கும் பக்கத்தில் கேபிள் போகக் கூடாது.

6. பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். கழற்றும்போது மைனஸ் முதலில். மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ்ஸில் வைத்த ஸ்பானர் பாடியில் பட்டால் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜனுக்கு அந்தப் பொறி போதும்.

இழுக்கும்போது

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஆனாலும் சாதாரண ஜீப் ஆல்டர்னேட்டர் 100 ஆம்பியர்கூடத் தராது. மீதி முழுவதும் பேட்டரியிலிருந்துதான். 75 ஆம்பியர்-மணி பேட்டரி கணக்குப்படி 11 நிமிடம் தாங்கும். நிஜத்தில், இவ்வளவு வேகமாக எடுத்தால், அதைவிட வெகு குறைவு. ஆகவே ஒரு நிமிடத்துக்குள் இழுத்து நிறுத்தி, மோட்டாரை ஆறவிட்டு மறுபடி இழுங்கள். கயிற்றை ஒரு கப்பி வழியாக மடக்கி வண்டியிலேயே மாட்டினால் வின்ச் மேல் பாரம் ஏறத்தாழ பாதியாகும், கரண்டும் குறையும். வேகமும் பாதியாகும், பரவாயில்லை.

உருளையில் ஐந்து சுற்றாவது மிச்சம் இருக்கட்டும். கயிற்றின் மேல் நனைத்த சாக்கு ஒன்றைப் போடுங்கள். கயிறு அறுந்தால் வீச்சு குறையும். கயிற்றின் பக்கத்தில் யாரையும் நிற்கவிடாதீர்கள்.

நண்பர்களே! ஓம் விதி பரீட்சைக்கு மட்டும் உரியது அல்ல. ஒர்க்‌ஷாப்பில் நம் கையை நம்பி வண்டியை விடுபவர் கேபிளின் தடிமனைக் கேட்க மாட்டார். அதை நாம்தான் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். “ரெண்டாயிரம் ரூபா கூட ஆகுமே” என்று அவர் தயங்கினால், கணக்கைக் காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள். எழுத்து தெரியாதவருக்கும் இஸ்திரிப் பெட்டி தெரியும்.