பெல்டாஸ்டுகள்

பெல்டாஸ்டுகள் எனப்படுவோர் பண்டைய கிரேக்கப் படைகளில் இடம்பெற்ற, எறிவேல் ஏந்திய இலகு காலாட்படை வீரர்கள் ஆவர். கிரேக்கத்துக்கு வடக்கே அமைந்த திரேசு நாட்டினரின் போர் முறையிலிருந்து இப்படை தோன்றியது. வீரர்கள் ஏந்திய 'பெல்டே' என்னும் சிறு கேடயமே இப்பெயருக்குக் காரணமாகும்.

== போர்க்கருவிகள் ==
பெல்டே பெரும்பாலும் பிறை வடிவில் பிரம்பால் முடையப்பட்டு, ஆட்டுத்தோலால் போர்த்தப்பட்டிருந்தது. ஒவ்வொரு வீரரும் பல எறிவேல்களை வைத்திருந்தார். வேலின் தண்டில் தோல்வாரைச் சுற்றி எறிந்ததால், அது சுழன்றபடி நேராகவும் தொலைவாகவும் சென்றது.

== போர் முறை ==
ஹாப்லைட்டுகள் எனப்பட்ட கன காலாட்படையினர் சுமார் 7 கிலோகிராம் எடையுள்ள பெரிய கேடயம் தாங்கி, நெருக்கமான அணியாக நின்று போரிட்டனர். பெல்டாஸ்டுகள் அவர்களுடன் கைகலப்பதைத் தவிர்த்தனர். அருகில் ஓடிவந்து வேலெறிவர். எதிரி துரத்தினால் பின்வாங்குவர். துரத்தியவர் அணிக்குத் திரும்புகையில் மீண்டும் தாக்குவர். எனினும், திறந்த வெளியில் குதிரைப்படையிடம் சிக்கினால் இவர்களுக்குப் பேரிழப்பு நேரக்கூடும்.

== லெக்கையம் போர் ==
எசுப்பார்த்தர்கள் தொடக்கத்தில் இவர்களைப் பொருட்படுத்தவில்லை. குழந்தைகள் பூச்சாண்டிக்கு அஞ்சுவது போலத் தம் நேச நாட்டினர் பெல்டாஸ்டுகளுக்கு அஞ்சுவதாக அவர்கள் ஏளனம் செய்ததை செனபோன் பதிவு செய்துள்ளார்.

கி.மு. 390-ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 600 எசுப்பார்த்த ஹாப்லைட்டுகள் கொரிந்து நகரைக் கடந்து லெக்கையம் துறைமுகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தனர். அவர்களுடன் குதிரைப்படை இல்லாததைக் கண்ட ஏதென்சுத் தளபதி இஃபிக்கிரட்டீசு, தம் பெல்டாஸ்டுகளை ஏவினார். எசுப்பார்த்தர்கள் இளம் வீரர்களை அனுப்பித் துரத்தியும் பயனில்லை. பின்னர் வந்துசேர்ந்த குதிரைப்படையும் தனியே விரட்டிச் செல்லாமல் காலாட்படையுடன் இணைந்தே நகர்ந்ததால் நிலைமை மாறவில்லை. இறுதியில் ஏதென்சு ஹாப்லைட்டுகளும் நெருங்கி வரவே, எசுப்பார்த்த அணி சிதறியது. ஏறத்தாழ 250 பேர் மாண்டனர். கனமான கவசமும் அணி ஒழுங்கும், நெருங்கி வராத எதிரியிடம் பயன்படா என்பதை இப்போர் உணர்த்தியது.

== பிற்காலம் ==
இஃபிக்கிரட்டீசு பின்னர் ஈட்டி, வாள் ஆகியவற்றின் நீளத்தைக் கூட்டியதாகவும், எளிதில் கழற்றக்கூடிய இலகுவான காலணிகளைப் புகுத்தியதாகவும் தியோடோரசு கூறுகிறார். இம்மாற்றங்களின் அளவு குறித்து வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது. பிற்கால மாசிடோனியப் படையில் இப்பெயர், தேர்ந்தெடுக்கப்பட்ட காலாட்படைப் பிரிவு ஒன்றைக் குறித்தது.