ஆகஸ்ட் 16: புதுச்சேரிக்கு லீவு... கிளியனூருக்கு ஏன் இல்லை?

ஒரே ஊர், ஒரே தெரு. சுதந்திர தினத்துக்கு மறுநாள் காலையில் ஒருவர் டிபன் பாக்ஸோடு திண்டிவனம் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார். பக்கத்து வீட்டுக்காரரோ போர்வைக்குள் இருக்கிறார். அவருக்கு வேலை புதுச்சேரி அரசு அலுவலகத்தில். திண்டிவனம் - புதுச்சேரி சாலையில் இருக்கும் கிளியனூர் மாதிரி ஊர்களில் இது சகஜம்.

அப்படி என்ன நாள் அது?

1947-ல் இந்தியா விடுதலை அடைந்தபோது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடமே இருந்தது. 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். 8 பேர் எதிர்த்தார்கள். நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது.

ஆனால் சட்டப்படி? 1956 மே 28-ல்தான் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கிடைத்து, அது நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். அதனால்தான் புதுச்சேரிக்கு நவம்பர் 1 விடுதலை நாள், ஆகஸ்ட் 16 சட்டப்பூர்வ பரிமாற்ற நாள் என இரண்டு லீவு.

லீவை முடிவு செய்வது எது?

வீடு இல்லை, வேலை பார்க்கும் இடம். பொது விடுமுறையை அறிவிக்கும் அதிகாரம் 1881-ம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்திலிருந்து வருகிறது. ஒன்றிய அரசின் அந்த அதிகாரத்தை மாநிலங்களும் பயன்படுத்துகின்றன. தமிழ்நாட்டுத் தொழில் நிறுவனங்களுக்குத் தனிச் சட்டம் (1958): ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கட்டாயம், கூடுதலாக ஐந்து நாள். இதில் ஆகஸ்ட் 16 கட்டாயம் இல்லை.

அதே 1881... இன்னொரு சட்டம்!

அதே ஆண்டு செப்டம்பர் 21-ல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. தங்கள் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்க விரும்புகிறவர்கள் ஏற்கலாம். அப்படி ஏற்றவர்கள் 'ரெனோன்சான்'கள், அதாவது துறந்தவர்கள். இந்து திருமணச் சட்டத்தில் இன்றைக்கும் இவர்களுக்கு விலக்கு உண்டு.

ஆறு மாத கெடு

1962-ல் இன்னொரு கேள்வியும் வந்தது: இந்தியரா, பிரெஞ்சுக்காரரா? புதுச்சேரியில் பிறந்து அங்கேயே வசித்தவர்கள் தானாகவே இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமைதான் வேண்டும் என்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அன்று போட்ட ஒரு கையெழுத்து, பேரப்பிள்ளைகளின் பாஸ்போர்ட் வரை தீர்மானித்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த 'சொல்தா' குடும்பங்கள் பலவற்றுக்கு இந்தக் கதை தெரியும். 2022 பிரான்ஸ் அதிபர் தேர்தலுக்குக்கூட புதுச்சேரியில் வாக்குப்பதிவு நடந்தது.

உலகத்தில் வேறு எங்காவது?

இருக்கே! நெதர்லாந்து - பெல்ஜியம் எல்லையில் பார்லெ என்ற ஊர். எல்லைக்கோடு தெருக்களையும் வீடுகளையும் கடைகளையும் பிளந்துகொண்டு போகிறது. வாசல் கதவு எந்தப் பக்கமோ, வீடு அந்த நாட்டுக்குச் சொந்தம். ஒரு பக்கம் ஏப்ரல் 27 அரசர் தின லீவு. மறுபக்கம் ஜூலை 21 தேசிய தின லீவு.

எங்கே பார்க்கலாம்?

வாக்கெடுப்பு நடந்த கீழூரில் நினைவிடம் இருக்கிறது. ஆகஸ்ட் 16-ல் அங்கே அரசு சார்பில் தேசியக் கொடி ஏற்றுவார்கள். புதுச்சேரி அருங்காட்சியகத்தில் பிரெஞ்சுக் கால மரச்சாமான்களோடு அரிக்கமேட்டுப் பொருட்களையும் பார்க்கலாம்.

ஒரு விஷயம். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பிரெஞ்சில் எழுதிய பழைய பத்திரம், பிறப்புச் சான்று ஏதாவது இருந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். குடியுரிமை, வாரிசுரிமை என்று கேள்வி வரும் நாளில் முதலில் தேடப்படுவது அந்தத் தாளாகத்தான் இருக்கும்.