முதல் இன்வாய்ஸிலேயே தொடங்குது வீடு

பிளேஸ்மென்ட் சீசன்ல ஒரு ராத்திரி, ஹாஸ்டல் மெஸ்ல எங்க செட்டு பையன் ஒருத்தன் திடீர்னு அறிவிச்சான்: "கம்பெனி வேலையே வேணாம்டா. ஜெர்மனிக்கு எம்.எஸ். போறேன். முடிச்சதும் ஃப்ரீலான்ஸ். அப்படியே அங்க ஒரு வீடு." எல்லாரும் கை தட்டினாங்க. எனக்கு மட்டும் எங்க பெரியம்மா பொண்ணு ஞாபகம் வந்துச்சு. அக்கா இதையேதான் செஞ்சாங்க. பெர்லின்ல எம்.எஸ். முடிச்சு, நாலு வருஷமா ஃப்ரீலான்ஸ் சாஃப்ட்வேர் இன்ஜினியர். கையில நல்லா காசு வருது. போன வருஷம் வீட்டுக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனாங்க. அரை மணி நேரத்துல திருப்பி அனுப்பிட்டாங்க.

"நான் தப்பே பண்ணலடா. எல்லாம் சட்டப்படிதான் செஞ்சேன். ஆனா வங்கி எதைப் பார்க்கும்னு முன்னாடியே யாரும் சொல்லல"ன்னு போன்ல சொன்னாங்க. அதைத்தான் உங்களுக்கு இங்க சொல்லப் போறேன்.

முதல்ல, வேலை பார்க்க அனுமதி

ஜெர்மனியில படிக்கிற விசாவுல வருஷத்துக்கு 140 முழு நாள், இல்லன்னா 280 அரை நாள் வேலை பார்க்கலாம். இதைக் கேட்டதும் நம்மள்ல பலர் "அப்போ ஃப்ரீலான்ஸும் பண்ணலாம்"னு நினைச்சுக்கிறோம். பண்ண முடியாது. அந்தக் கணக்கு ஒரு முதலாளிகிட்ட சம்பளத்துக்கு வேலை பார்க்க மட்டும்தான். சொந்தமா இன்வாய்ஸ் போட்டு வேலை செய்யணும்னா வெளிநாட்டவர் அலுவலகத்துல தனி அனுமதி வாங்கணும். "கிளையண்ட் சென்னையிலதானே இருக்கார்"ங்கற சமாதானமும் எடுபடாது. லேப்டாப்பைத் திறந்து வைச்சு நீங்க உட்கார்ந்திருக்கிற நாடு எதுன்னுதான் பார்ப்பாங்க.

படிப்பு முடிச்ச பிறகு வழி இருக்கு. ஜெர்மனியோட குடியிருப்புச் சட்டத்துல 21ஆம் பிரிவு சுயதொழில் செய்யறவங்களுக்கானது. அங்கேயே பட்டம் வாங்கினவங்க, தங்கள் படிப்போட தொடர்புள்ள சுயதொழில் செய்ய அதுலேயே தனி உட்பிரிவு உண்டு. உங்களுக்கு வேலை தர விரும்புற கிளையண்டுகளோட கடிதம், வருமானம் எப்படி வரும்ங்கற கணக்கு, மருத்துவக் காப்பீடு, இதெல்லாம் கேட்பாங்க. முதல் அனுமதி அதிகபட்சம் மூணு வருஷத்துக்குக் கிடைக்கும். இந்த மூணு வருஷம்ங்கற எண்ணை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி திரும்ப வரும்.

நம்ம டிகிரிக்கு அங்க ஒரு மதிப்பு

ஜெர்மனியில சுயதொழில் ரெண்டு வகை. ஒண்ணு ஃப்ரைபெரூஃப்லர், அதாவது படிப்பையும் அறிவையும் வச்சு தொழில் செய்யறவங்க. இன்னொண்ணு கெவெர்பே, அதாவது வியாபாரம். டாக்டர், வக்கீல், கட்டடக் கலைஞரோட சேர்த்து இன்ஜினியரையும் அவங்க வருமான வரிச் சட்டத்தோட 18ஆம் பிரிவு முதல் வகையில பேர் சொல்லியே வச்சிருக்கு. நம்ம ஊர்ல தெருவுக்கு நாலு பேர் வச்சிருக்கிற டிகிரிக்கு அங்க இப்படி ஒரு மரியாதை!

இதனால என்ன லாபம்? ஃப்ரைபெரூஃப்லருக்கு வணிக வரி கிடையாது. கெவெர்பேயில தனி ஆளா தொழில் பண்ணினா, வருஷ லாபம் 24,500 யூரோவைத் தாண்டினதும் அந்த வரி வரும். சாஃப்ட்வேர் ஆட்கள் எந்த வகைன்னு முடிவு பண்றது வரி அலுவலகம். இன்ஜினியரிங் படிச்சு, சிஸ்டம் வடிவமைக்கிற வேலை செய்யறவங்களை முதல் வகையில சேர்க்க வாய்ப்பு அதிகம். ஆன்லைன்ல பொருள் வித்தா அது வியாபாரம்தான்.

இங்க இன்னொரு எச்சரிக்கை. ஒரே ஒரு கிளையண்டுக்கு, அவங்க சொல்ற நேரத்துல, அவங்க ஆபீஸ்ல, அவங்க ஊழியர் மாதிரியே வேலை பார்த்தா, "இது போலி சுயதொழில்"னு அதிகாரிகள் சொல்லலாம். அதனால அக்கா ஆரம்பத்துல இருந்தே ரெண்டு மூணு கிளையண்ட் வச்சுக்கிட்டாங்க.

கைக்கு வர்றது எல்லாம் நம்மது இல்ல

சம்பளக்காரருக்கு மருத்துவக் காப்பீட்டுல பாதியை முதலாளி கட்டுவார். ஃப்ரீலான்சருக்கு முழுசும் தன் தலையிலதான். அரசுக் காப்பீட்டுல இருந்தா, பராமரிப்புக் காப்பீட்டையும் சேர்த்து வருமானத்துல கிட்டத்தட்ட ஐந்துல ஒரு பங்கு அதுக்கே போயிடும்.

அடுத்தது மதிப்புக்கூட்டு வரி, நம்ம ஜி.எஸ்.டி. மாதிரி. வழக்கமான விகிதம் 19 சதவீதம். முந்தைய வருஷ விற்றுமுதல் 25,000 யூரோவைத் தாண்டாத சிறு தொழில்காரர் இதை வசூலிக்க வேண்டாம்னு 2025ல இருந்து விதி. தாண்டிட்டா இன்வாய்ஸ்ல சேர்த்து வாங்கி, அரசுக்குக் கட்டணும். அது உங்க காசு இல்ல. உங்க கணக்குல கொஞ்ச நாள் தங்கிட்டுப் போற காசு.

வருமான வரியில ஒரு பொறி இருக்கு. முதல் வருஷக் கணக்கைப் பார்த்து வரி அலுவலகம் பாக்கியைக் கேட்கும். அதே சமயத்துல "இனிமே மூணு மாசத்துக்கு ஒரு தடவை முன்பணம் கட்டு"ன்னும் சொல்லும். ரெண்டும் சேர்ந்து வந்து நிக்கும்போது பல பேர் ஆடிப் போயிடறாங்க. ஒவ்வொரு இன்வாய்ஸ் காசு வந்ததும் ஒரு பங்கை வேற கணக்குக்கு மாத்தி வைக்கிறதுதான் ஒரே தற்காப்பு.

வங்கி எதைப் பார்க்குது?

ஜெர்மனியில வெளிநாட்டவர் வீடு வாங்க சட்டத்துல தடை இல்ல. தடை, கடன்லதான். சம்பளக்காரர்கிட்ட சில மாசச் சம்பளச் சீட்டு கேட்பாங்க. ஃப்ரீலான்சர்கிட்ட பொதுவா கேட்கிறது கடைசி ரெண்டு மூணு வருஷத்து வரி மதிப்பீட்டு ஆணை. (அந்த மூணு வருஷம் வந்துடுச்சு பார்த்தீங்களா?) கூடவே நடப்பு வருஷ வரவு செலவு, வங்கிக் கணக்கு விவரம், ஷூஃபாங்கற நிறுவனம் தர்ற கடன் மதிப்பெண், இதெல்லாம்.

இங்கதான் அக்கா மாட்டினாங்க. அந்த ஆணையில வங்கி பார்க்கிறது விற்றுமுதலை இல்ல, லாபத்தை. ஒரு உதாரணம். வருஷத்துக்கு 60,000 யூரோவுக்கு இன்வாய்ஸ் போடறீங்க. வரியைக் குறைக்கணும்னு புது லேப்டாப், பயணம், பயிற்சி வகுப்புன்னு 25,000 செலவு காட்டறீங்க. எல்லாம் உண்மையான செலவு, சட்டப்படி சரி. வரி குறைஞ்சதுன்னு சந்தோஷம். ஆனா வங்கி கண்ணுக்கு உங்க வருமானம் 35,000தான். அதுக்கு முந்தைய வருஷங்கள்ல 28,000, 18,000ன்னா, மூணையும் கூட்டிச் சராசரி 27,000. அதுல காப்பீடும் வரியும் போக மிஞ்சறதை வச்சுத்தான் எவ்வளவு கடன்னு முடிவு பண்ணுவாங்க.

வரி அலுவலகத்துக்கு எழுதின அதே காகிதத்தை மூணு வருஷம் கழிச்சு வங்கியும் படிக்கும். அக்கா இதைச் சொன்னப்போ எனக்கு செமஸ்டர் ஞாபகம்தான் வந்துச்சு. முதல் வருஷ அரியர் கடைசி வருஷ பிளேஸ்மென்ட்ல வந்து நிக்குதே, அதே கதை. பொய்க் கணக்கு எழுதச் சொல்லல. வீடு வாங்கப் போற வருஷங்கள்ல தள்ளிப் போடக்கூடிய செலவைத் தள்ளிப் போடுங்கன்னு சொல்றேன்.

ரெண்டாவது காரணம், அக்காவோட குடியிருப்பு அனுமதி முடிய பத்து மாசம்தான் இருந்துச்சு. பல வருஷம் அடைக்க வேண்டிய கடனை, பத்து மாசக் காகிதத்தை நம்பிக் கொடுக்க வங்கி தயங்குது. நிரந்தரக் குடியிருப்புக்குப் பொதுவா அஞ்சு வருஷம் ஆகும். ஜெர்மன் மொழியும் ஓய்வூதியச் சேமிப்பும் வேணும். அது கையில இருந்தா பேச்சே வேற.

விலைக்கு மேல ஒரு விலை

மூணாவதுதான் அக்காவை நிஜமாவே கவுத்துச்சு. 3,00,000 யூரோவுக்கு பெர்லின்ல ஒரு ஃபிளாட்னு வைங்க. சொத்து வாங்கும் வரி 6 சதவீதம், அதாவது 18,000. (பவேரியாவுல 3.5 சதவீதம்தான்.) நோட்டரி இல்லாம வீடு கைமாறவே முடியாது. அவருக்கும் பதிவுக்கும் சேர்த்து 2 சதவீதம்னு போட்டா 6,000. புரோக்கர் வழியா வாங்கினா உங்க பங்கு பெரும்பாலும் 3.57 சதவீதம், அதாவது 10,710. மொத்தம் 34,710 யூரோ. இதுக்கு வங்கிகள் பொதுவா கடன் தராது. சேமிப்புல இருந்துதான் போடணும். வீட்டு விலையில ஒரு பங்கு முன்பணம் இதுக்கு மேல.

"ஊர்லயே ஒரு மனை வாங்கிப் போட்டிருக்கலாம்ல"ன்னு பெரியப்பா இன்னும் சொல்றார். வெளிநாடுவாழ் இந்தியரா இங்க வீடோ மனையோ வாங்கலாம், விவசாய நிலம் மட்டும் வாங்க முடியாது. ஆனா அக்காவுக்கு அவங்க வாழற ஊர்லதான் வீடு வேணும். வாடகை வீட்டை வேற யாராவது காலி பண்ணச் சொல்லிடுவாங்களோங்கற பயம் இல்லாம தூங்கணும், அவ்வளவுதான்.

இப்போ அக்கா அனுமதியைப் புதுப்பிச்சிட்டாங்க. சாயங்காலம் ஜெர்மன் வகுப்பு. தனியா ஒரு கணக்குல மாசாமாசம் பணம் போடறாங்க. இன்னும் ரெண்டு வருஷம்னு சொல்றாங்க.

மெஸ்ல அறிவிச்ச அந்தப் பையன்கிட்ட இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அப்போ வேணாமா?"ன்னு கேட்டான். வேணாம்னு இல்ல மச்சி. போ. ஆனா முதல் இன்வாய்ஸ் போடுற அன்னிக்கே ஒரு ஃபோல்டர் திற. அதுக்கு "வீடு"ன்னு பேர் வை.