உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்… அப்புறம் ஏன் யாரும் எடுக்கறதில்ல?

போன செமஸ்டர் எக்ஸாம் ஃபீஸ் கட்ட ரெண்டு நாள்தான் மிச்சம். ஆபீஸ் கவுன்ட்டரில் கேஷ் மட்டும்தான் வாங்குவார்கள் என்பதால் காலேஜ் பஸ் ஸ்டாப் பக்கத்து ஏடிஎம்முக்குப் போனேன். 3,500 ரூபாய் என்று அடித்தேன். உள்ளே நோட்டு எண்ணும் சத்தம் நன்றாகவே கேட்டது. பணம் மட்டும் வெளியே வரவில்லை. ஸ்கிரீனில் "மன்னிக்கவும்". போனில், உங்கள் கணக்கிலிருந்து 3,500 ரூபாய் எடுக்கப்பட்டது என்று எஸ்எம்எஸ். அக்கவுன்ட்டில் மீதி 212 ரூபாய்.

கஸ்டமர் கேருக்குப் போட்டேன். தமிழுக்கு ஒரு நம்பர், கார்டுக்கு ஒரு நம்பர், "பிற சேவைகளுக்கு" ஒரு நம்பர். தப்பாக ஒன்றை அழுத்தினால் பரமபத பாம்பு மாதிரி திரும்ப முதல் கட்டத்துக்கே கொண்டு வந்து விட்டுவிடும். ஒருவழியாக ஆளிடம் பேசும் ஆப்ஷனைக் கண்டுபிடித்து அழுத்தினால், எல்லா அதிகாரிகளும் வேறு வாடிக்கையாளர்களுடன் பேசிக்கொண்டிருக்கிறார்கள், உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்ற குரல். அப்புறம் ஒரே டியூன், 38 நிமிஷம். கடைசியில் எடுத்தவர் 2 நிமிஷத்தில் ஒரு புகார் எண் கொடுத்து, "48 மணி நேரத்துல வந்துடும் சார்" என்று சொல்லி, 5 ஸ்டார் ரேட்டிங் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். 48 மணி நேரம் ஆனது. வரவில்லை. மறுபடி கூப்பிட்டால் மறுபடி அதே டியூன். எக்ஸாம் ஃபீஸை ரூம்மேட்டிடம் கடன் வாங்கிக் கட்டினேன்.

அவன்தான் சொன்னான்: "விடு மச்சான், பெரிய கம்பெனின்னா அப்படித்தான். லட்சக்கணக்குல கஸ்டமர். எடுக்க ஆளு பத்தாது."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் ஆள் பத்தாது என்றால் எத்தனை ஆள் இருந்தால் பத்தும்? யோசித்தால் இது நாம் கிளாஸில் போட்ட கணக்கு. கியூயிங் தியரி யூனிட்டை எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி மனப்பாடம் செய்து மறுநாளே மறந்தவர்களில் நானும் ஒருவன். அந்த நோட்டை மறுபடி எடுக்க வைத்த புண்ணியம் அந்த 38 நிமிஷத்துக்குத்தான்.

இந்தக் கணக்குக்கு 100 வயசுக்கு மேல் ஆகிறது. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த ஏர்லாங் என்ற டென்மார்க் கணிதக்காரர் 1909-லும் 1917-லும் எழுதிய கட்டுரைகளில்தான் இது தொடங்குகிறது. அவருக்கு இருந்த கேள்வி ரொம்ப எளிமை: எப்போது யார் கூப்பிடுவார்கள் என்று தெரியாது, ஒரு கால் எவ்வளவு நேரம் நீளும் என்றும் தெரியாது, அப்படியென்றால் எத்தனை லைன் போட வேண்டும்? லைன் என்ற இடத்தில் ஆள் என்று போட்டால் இன்றைய கால் சென்டர்.

ஒரு மணி நேரத்துக்கு 100 கால் வருகிறது, ஒரு காலுக்கு சராசரியாக 6 நிமிஷம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 600 நிமிஷ வேலை, அதாவது 10 பேர் மூச்சு விடாமல் பேசினால் முடிகிற வேலை. எங்க வீட்டில் கேட்டால் "அப்போ 10 பேரைப் போடு" என்பார்கள். ஆனால் 10 பேர் போட்டால் வரிசை முடிவே இல்லாமல் வளரும். ஏனென்றால் கால் சீராக வராது. 5 நிமிஷம் யாரும் கூப்பிட மாட்டார்கள், அடுத்த நிமிஷம் 7 பேர் கூப்பிடுவார்கள். சும்மா போன அந்த 5 நிமிஷத்தைச் சேமித்து வைத்துப் பின்னால் செலவழிக்க முடியாது.

எம்/எம்/சி ஃபார்முலாவில் போட்டுப் பார்த்தேன். 14 பேர் இருந்தால் சராசரி காத்திருப்பு சுமார் 16 விநாடி. 13 பேர் என்றால் 34 விநாடி. 12 பேர் என்றால் 81 விநாடி. 11 பேர் என்றால் 4 நிமிஷத்துக்கு மேல். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு ஆளைத்தான் குறைத்தோம், காத்திருப்பு மட்டும் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏறுகிறது. நேர்கோடு இல்லை, கடைசியில் செங்குத்தாகப் போகிற கர்வ்.

இதை மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். 14 பேர் இருக்கும்போது ஒவ்வொருவரும் 71 சதவீத நேரம்தான் பேசுகிறார். மீதி 29 சதவீதம் "சும்மா" உட்கார்ந்திருக்கிறார். 11 பேர் ஆக்கினால் அது 91 சதவீதம். எக்செல் ஷீட்டில் பார்த்தால் எவ்வளவு அழகான முன்னேற்றம்! மூன்று சம்பளம் மிச்சம். ஆனால் அந்த சும்மா இருக்கிற 29 சதவீதம்தான் நமக்குக் கிடைக்கிற சேவை. ஸ்டாண்டில் நாலு ஆட்டோ சும்மா நிற்பதால்தான் பஸ்ஸை விட்டு இறங்கின உடனே நமக்கு ஆட்டோ கிடைக்கிறது. எல்லா ஆட்டோவும் எப்போதும் சவாரியில் இருந்தால் ஓட்டுநருக்கு லாபம், நமக்கு நடைதான்.

இன்னொரு பக்கத்தையும் கூட்டிப் பார்த்தேன். 14-லிருந்து 11 ஆக்கியதில் கம்பெனிக்கு ஒரு மணி நேரத்துக்கு 3 ஆள்-மணி சம்பளம் மிச்சம். அதே ஒரு மணி நேரத்தில் கூப்பிட்ட 100 பேரும் கூடுதலாகக் காத்திருந்த நேரத்தைக் கூட்டினால் 6 மணிக்கு மேல் வருகிறது. செலவு எங்கேயும் காணாமல் போகவில்லை. அவர்கள் கணக்கிலிருந்து நம்ம கணக்குக்கு மாறிவிட்டது, இரண்டு மடங்காகி. நம்ம நேரத்துக்கு யாரும் சம்பளம் தருவதில்லை என்பதால் எந்த ஷீட்டிலும் அது ஏறுவதில்லை.

சரி, ரூம்மேட் சொன்ன "பெரிய கம்பெனி" நியாயத்துக்கு வருவோம். எனக்கே ஆச்சரியமாக இருந்த இடம் இதுதான். காலை 10 மடங்கு ஆக்குங்கள், மணிக்கு 1,000. ஆளையும் 10 மடங்கு ஆக்குங்கள், 110 பேர். ஒரு ஆளுக்கு வேலை அதே 91 சதவீதம்தான். காத்திருப்பும் அதே 4 நிமிஷமா? இல்லை, 10 விநாடிக்கும் கீழே வருகிறது! கூட்டம் பெரிதானால் ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். அதாவது கம்பெனி பெரிசாக ஆக, நல்ல சேவை கொடுப்பது மலிவாகிறது. பெரிய கம்பெனி என்பதால் எடுக்க முடியவில்லை என்பது கணக்குப்படி தலைகீழ்.

அப்படியென்றால் அந்த 38 நிமிஷம் எப்படி வந்தது? சர்வர் படுத்துவிட்டது, புயல் அடித்தது என்றால் எந்தக் கம்பெனியும் திணறும், அதை விடுங்கள். சாதாரண செவ்வாய்க்கிழமை மத்தியானமும் 38 நிமிஷம் என்றால் வருகிற வேலையை விடக் குறைவாக ஆள் போட்டிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். முடிவில்லாமல் வளர வேண்டிய வரிசை ஏன் 38 நிமிஷத்தோடு நிற்கிறது? நம்மில் பலர் கட் செய்துவிடுகிறோம், அதனால்தான். ஏர்லாங் ஃபார்முலா யாருமே கட் செய்ய மாட்டார்கள் என்று வைத்துக்கொள்கிறது. கடுப்பாகி வைத்துவிடுகிறவர்களையும் கணக்கில் சேர்த்தவர் 1940களில் ஸ்வீடனைச் சேர்ந்த கானி பாம். இன்றைக்கு ஆள் எண்ணிக்கையைத் திட்டமிடும் சாஃப்ட்வேர்களில் இந்தப் பொறுமை அளவும் ஒரு இன்புட். நாம் எப்போது வெறுத்துப்போவோம் என்பதும் டிசைனில் இருக்கிறது.

போனை எடுப்பவர்மேல் கோபப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. எங்க பக்கத்து வீட்டு அக்கா ஓஎம்ஆரில் ஒரு வாய்ஸ் ப்ராசஸில் ரெண்டு வருஷம் இருந்தவர். "கால் 6 நிமிஷத்தைத் தாண்டினா டீம் லீடர் சேருக்குப் பின்னாடி வந்து நிப்பார்டா. நிஜமா தீர்த்து வைக்கணும்னா 15 நிமிஷம் ஆகும். டிக்கெட் போட்டு 48 மணி நேரம்னு சொல்லிட்டா 2 நிமிஷம். நீயா இருந்தா எதைப் பண்ணுவ?" என்றார். பணத்தைத் திருப்பிப் போடும் அதிகாரம் அவர் ஸ்கிரீனில் கிடையவே கிடையாது. தீராத பிரச்சினை நாளைக்கு இன்னொரு காலாக வரும், 100 கால் 130 ஆகும், கர்வில் இன்னும் மேலே ஏறும். அளப்பது ஒரு காலுக்கான நேரத்தை, பிரச்சினை தீர்ந்ததா என்பதை இல்லை.

இப்போது எல்லாவற்றுக்கும் சாட்பாட் என்கிறார்கள். பேலன்ஸ் கேட்பது, ஆர்டர் எங்கே வருகிறது என்று பார்ப்பது மாதிரி வேலைக்கு பாட் நல்லதுதான், நானே மனுஷனிடம் பேச விரும்ப மாட்டேன். சிக்கல் அதுக்கு அப்புறம். ஸ்வீடனின் கிளார்னா கம்பெனி 2024 தொடக்கத்தில், தங்கள் ஏஐ 700 முழுநேர ஊழியர்கள் செய்யும் வேலையைச் செய்கிறது என்று பெருமையாக அறிவித்தது. 2025-ல் அதன் தலைவரே தரம் குறைந்துவிட்டது என்று ஒத்துக்கொண்டு மறுபடி ஆள் எடுக்கப் போனார். ஏர் கனடா கதை இன்னும் மோசம். 2022-ல் பாட்டி இறந்துபோய் ஊருக்குப் பறக்க வேண்டிய ஒரு பயணியிடம், இப்போது முழு விலைக்கு வாங்கிக்கொண்டு 90 நாளுக்குள் துக்கச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று அதன் சாட்பாட் சொன்னது. அப்படி ஒரு விதியே இல்லை என்று ஏர்லைன்ஸ் பிறகு கைவிரித்தது. வழக்கில் அவர்கள் வைத்த வாதம், சாட்பாட் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பில்லை, அது தனி ஆள் மாதிரி! 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் அதை ஏற்காமல் சுமார் 812 கனடிய டாலர் கொடுக்கச் சொன்னது.

நம்ம ஊரில் இதற்கு விதியே இல்லையா என்று தேடினால், இருக்கிறது. மொபைல் கம்பெனிகளுக்கு டிராய் வைத்திருக்கும் அளவுகோல், ஆளிடம் பேசக் கேட்கும் கால்களில் 95 சதவீதத்தை 90 விநாடிக்குள் எடுக்க வேண்டும் என்பது. நம்ம 100 கால் கணக்கில் அதை எட்ட 15 பேர் தேவை. 11 பேர் என்றால் பாதிப் பேருக்கு மேல் 90 விநாடியைத் தாண்டிக் காத்திருப்பார்கள். ஆன்லைன் ஷாப்பிங்குக்கு 2020-ன் இ-காமர்ஸ் விதிகள்: குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அந்த அதிகாரியின் பெயரும் தொடர்பு விவரமும் தளத்திலேயே இருக்க வேண்டும். அடியில், யாரும் கிளிக் செய்யாத லிங்க்கில் இருக்கும். தேடுங்கள்.

என் 3,500 ரூபாய்க்கு வழி சொன்னது ரூம்மேட்டின் அப்பா. கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறார். "போன்ல பேசினது காத்தோட போயிடும் தம்பி. மெயில்ல எழுது. ரிசர்வ் பேங்க் சர்க்குலரைத் தேதியோட போடு" என்றார். 2019 செப்டம்பர் 20 தேதியிட்ட சர்க்குலர். ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால், நடந்த நாளிலிருந்து 5 நாளுக்குள் வங்கியே திருப்பிப் போட வேண்டும். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நமக்கு. இதை நாம் கேட்காமலேயே அவர்கள் கொடுக்க வேண்டும் என்பதுதான் விதி. யுபிஐயில் ஒருவருக்கு அனுப்பி, கழிந்து, அவருக்குப் போய்ச் சேராவிட்டால் அந்தக் கெடு ஒரே நாள். கடைக்குக் கட்டியது என்றால் 5 நாள்.

எனக்கு அப்போது 6-வது நாள். ஏடிஎம் ஐடி, நேரம், புகார் எண், சர்க்குலர் தேதி எல்லாம் போட்டு எட்டு வரி மெயில். 30 நாளுக்குள் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போவேன் என்று கடைசி வரி. அதற்கு ஃபீஸ் கிடையாது, ஆன்லைனிலேயே போடலாம். மற்ற கம்பெனிகள் என்றால் 1915, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

டியூனுக்கும் மெயிலுக்கும் என்ன வித்தியாசம்? டியூனில் காத்திருந்தால் கரைவது என் நேரம். மெயில் போன பிறகு நாள் ஓட ஓட 100 ரூபாய் வீதம் அவர்கள் கணக்கில் ஏறுகிறது. அந்த ஷீட்டில் முதல் தடவையாக என் காத்திருப்புக்கு ஒரு காலம் வந்தது.

9-வது நாள் 3,500 ரூபாய் வந்தது. 400 ரூபாய் வரவில்லை. இன்னொரு மெயில் போட்டேன், அடுத்த வாரம் அதுவும் வந்தது. கடன் கொடுத்த ரூம்மேட், வட்டி என்று சொல்லி அதில் பாதியைப் பரோட்டாவாகவே வாங்கிக்கொண்டான்.