தனுஷ்கோடிச் சுவர்களைத் தின்னும் உப்பு

காரைக்குடியில் இரயிலேறி இராமேசுவரம் செல்வோர் பலர் தனுஷ்கோடியையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். இந்த இரயில் பாதை ஒரு காலத்தில் தனுஷ்கோடித் துறைவரை நீண்டிருந்தது. அங்கிருந்து 1914 முதல் தலைமன்னாருக்குக் கப்பல் சென்றது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வீசிய புயலில் கடல் பொங்கி ஊருக்குள் புகுந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் இரயில் அலையில் சிக்கியது. அதில் இருந்த எவரும் பிழைக்கவில்லை.

மணலில் இன்று மொட்டையாக நிற்கும் தேவாலயச் சுவர்களைக் கண்டு, 'எல்லாம் புயலின் வேலை' என்கிறோம். இது பாதி உண்மைதான். ஊரையும் கூரைகளையும் புயல் ஒரே இரவில் கொண்டுபோயிற்று. எஞ்சிய சுவர்களை அறுபது ஆண்டுகளாகத் தின்றுவருவது உப்பு.

சுவரின் அருகே சென்று கல்லை உற்றுப் பாருங்கள். பூப்போன்ற சிறு குழிகள் தெரியும். ஒவ்வொரு குழியும் ஒரு பவள உயிர் குடியிருந்த அறை. கடலோர மக்கள் இதை முருகைக்கல் என்பார்கள். சுண்ணாம்புப் பொருளான கால்சியம் கார்பனேட்டால் ஆனது. எடை குறைவு, வெட்டுவதும் எளிது. ஆனால் உடம்பெல்லாம் துளை!

கடற்காற்றில் வரும் உப்புநீர்த் திவலைகள் அத்துளைகளில் புகுகின்றன. வெயிலில் நீர் ஆவியாக, உப்பு படிகமாகிறது. வளரும் படிகம் துளையின் பக்கங்களை நெருக்கித் தள்ளுகிறது. ஒரு முறை தள்ளுவதால் கல்லுக்கு ஒன்றும் நேராது. ஆனால் காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை இழுத்துத் தானே கரைந்துவிடும். மழைக்காலத்தில் வீட்டு உப்புச் சாடியில் நீர் கோப்பதும் இதனால்தான். ஆகவே மழையே வேண்டியதில்லை. இரவின் ஈரத்தில் கரைந்த உப்பு பகல் வெயிலில் மறுபடி படிகமாகும். இப்படி ஆயிரக்கணக்கான முறை நடந்தபின் கல் செதில் செதிலாக உதிர்கிறது.

இரும்பின் கதையும் இதுவே. உப்புக் காற்றில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். துரு, தான் தோன்றிய இரும்பைவிட இருமடங்குக்கும் மேல் இடம் பிடிப்பதால், சுவருக்குள் இருக்கும் இரும்பு சுவரையே பிளந்துவிடும்.

சிமெண்ட் பூசிக் காப்பாற்றலாமே என்று தோன்றும். கெட்டியான சிமெண்ட் பூச்சு உள்ளே உள்ள ஈரத்தை எளிதில் வெளியே விடாது. உப்பு பூச்சுக்குப் பின்னாலேயே படிகமாகி, பூச்சையும் கல்லையும் சேர்த்துப் பெயர்த்துவிடும். நம் செட்டிநாட்டு வீடுகளில் உள்ள சுண்ணாம்புப் பூச்சோ ஈரத்தை மூச்சுவிடுவதுபோல் வெளியேற்றும். பழைய சுவர்களைப் பழுதுபார்ப்போர் சுண்ணாம்பையே நாடுவது பழமைப் பற்றினால் மட்டும் அன்று.

உதிர்ந்த கல்லுக்கு மாற்றுக்கல் வெட்டவும் இனி வழியில்லை. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. பவளங்களை வெட்டுவது இன்று சட்டப்படி குற்றம். சுவரில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டவர்கள் திரும்பும்போது சட்டையைத் தட்டிக்கொள்கிறார்களே, அந்த வெள்ளைத் தூளில் கொஞ்சம் உப்பு, மிச்சமெல்லாம் சுவர்.